ஒன்பதாயிரம்

புந்தா அரேனாஸில் இன்று காற்று மணிக்கு நூற்றுப் பத்து.
சதுக்கத்து முனையில் நகராட்சி கயிறு கட்டிவிட்டது.
ஒரு கையில் கயிறு, மறு கையில் ரொட்டிப் பொட்டலம்,
தெருவைக் கடந்தேன்.
தொப்பி போயே போய்விட்டது.

கடலாய்வுக் கூடத்தின் கீழ்த்தளம்.
புதிய சேமிப்புப் பெட்டி, முப்பத்தாறு டிஸ்க்,
இன்னும் எதையும் கேட்டிராதது.
ஜலசந்தியின் அடியில் ஆறு மைக்குகள்
ஏழு வருடம் ஒட்டுக்கேட்ட திமிங்கிலங்கள்
பழைய பெட்டியில் இடம் போதாமல் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.
இன்றிரவு குடிமாற்றம்.

திரையில் மூன்று பத்தி:
கருவி, டேட்டாலிங்க், இடைமுகம்.
கருவி உலோகம், தொட்டால் சூடு தெரியும்.
இடைமுகத்துக்கு முகவரி உண்டு, கூப்பிட்டால் திரும்பும்.
நடுவில் இருக்கிறதே அது,
தொடவும் முடியாது கூப்பிடவும் முடியாது.
அது இல்லையென்றால்
இதற்கு அது யாரோ, அதற்கு இது யாரோ.

முதல் போர்ட்டை மட்டும் தொடவில்லை.
இந்தத் திரையே அதன் வழியாகத்தான் வருகிறது.
நுனிமரத்தில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டியது யார் என்று
வால்டிவியாவில் கேளுங்கள், என் பெயரைச் சொல்வார்கள்.

மற்ற மூன்றையும் ஒன்றாக்கினேன்.
பெயர் கேட்டது.
யோசிக்காமல் ட்ரென்சா என்று அடித்தேன்.
எங்கள் பேச்சில் சடை.

எல்ஏசிபியில் ஒரு விதி:
இரண்டு முனையில் ஒன்றாவது முதலில் பேச வேண்டும்.
இரண்டும் காத்திருந்தால்
விளக்கெல்லாம் பச்சையாக எரியும்,
பின்னல் விழாது.
என் பக்கத்தைப் பேசும்படி வைத்தேன்.
எதிர் முனை ஸ்விட்ச் என் கையில் இல்லை.
அது நிபால்தோவின் கையில்.

இரண்டு வருடமாக எங்களுக்குள் சின்னச் சின்ன பாக்கெட்டுகள்தான்.
ஆறு மணிக்குக் கூட்டிப்போ.
சரி.
கையுறை உன் காரில்.
சரி.

எம்டியு: ஒன்பதாயிரம்.
அப்ளை.
பிங் அடித்தால் உடனே பதில்.
கோப்புறைப் பெயர்கள் வரிசையாக வந்தன.
நகலெடுக்கச் சொன்னேன்.
பூஜ்யம் சதவீதம்.
பிழை என்று ஒரு சொல் இல்லை, மறுப்பும் இல்லை.
ரொட்டியில் பாதி தீர்ந்தது.
பூஜ்யம்.

பிறகு ஒவ்வொரு பைட்டாக ஏற்றிப் பார்த்தேன்.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு போய்ச் சேர்ந்தது.
ஆயிரத்து நானூற்று எழுபத்து மூன்று
எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

நலமா என்றால் நலம் என்று வருகிறது.
கனமாக எதையாவது அனுப்பினால்
வழியில் எவனோ சத்தமில்லாமல் கீழே போடுகிறான்.

இரவு இரண்டே கால்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
காற்றில் தூக்கம் வரவில்லையாம்.
அவன் வீட்டுத் தகரமும் அடித்துக்கொண்டிருந்தது.

‘எவ்வளவு வேணும்?’
‘ஒன்பதாயிரம்.’
விசைகள் தட்டும் ஓசை.
‘ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாறு வெச்சிருக்கேன்.
தலைப்பு, வீலான் எல்லாம் ஏறுமில்ல.
கொஞ்சம் இடம் இருக்கட்டும்.’

பூஜ்யம் நகர்ந்தது.
ஒன்று. ஒன்று. இரண்டு.
முதல் கோப்பு, மார்ச் பதினொன்று,
செய் திமிங்கிலம், நாற்பது நிமிடம்.

நன்றி சொல்லி வைத்திருக்கலாம்.

‘மிலென்கா சடைய வெட்டிக்கிட்டா.
செவ்வாய்க்கிழமை. சமையலறைக் கத்திரியால.
ஏன்னு நான் கேட்கல. உங்கிட்ட சொல்லவும் இல்ல.
பின்னலை எடுத்து வெச்சிருக்கேன்,
எதுக்குன்னு தெரியல.’

மறுமுனையில் தகரம் மட்டும்.
விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

‘எவ்வளவு குட்டையா?’ என்றான்.

‘காது தெரியுது.’

‘சரி’ என்றான்.
ஆனால் வைக்கவில்லை.
நான்கு சதவீதம்.