இடது காலுறை

ஹக்கொதாத்தேயில் மார்ச் மாதப் பனி
தெருவோரம் கறுத்துக் கிடக்கிறது.
காப்பகத்திலிருந்து நான்கு பக்கக் காகிதம்.
நூற்றுப் பன்னிரண்டு உணவுகள்.
வீட்டில் இருமுறை தின்று
உடம்பில் தடிப்பு வராதவற்றுக்கு மட்டும்
குறி போட வேண்டுமாம்.
குறியில்லாததை அங்கே ஊட்டமாட்டார்கள்.

அப்படித்தான் ஒரே மாதத்தில்
உலகத்தைத் தின்னத் தொடங்கினாள் தோவா.
கேரட், கீரை, வெள்ளை மீன், மஞ்சள் கரு.
தோஃபுவைக் கைக்குள் நசுக்கி
விரலிடுக்கில் அது வழிவதை
நீதிபதிபோல் பார்த்திருந்தாள்.
எனக்கே பிடிக்காத முள்ளங்கியை
அடடா என்ன ருசி என்று நானும் விழுங்கினேன்.
பூசணியை மட்டும் துப்பினாள்:
சுவரில், என் சட்டையில், பூனையின் முதுகில்.
இரண்டாம் முறை நான் ஊட்டவேயில்லை.
குறி போட்டுவிட்டேன்.

இரவுகளில் பெயர் எழுதும் வேலை.
ஒவ்வொரு டயப்பரிலும், கரண்டிக் காம்பிலும்,
கைதுடைக்கும் துண்டின் ஓரத்திலும்.
ரப்பர் முத்திரை வாங்கிவிடலாமே என்றான் ஷூஹெய்.
நான் பதில் சொல்லவில்லை.
பத்து மாதமாக அவளைப் பெயர் சொல்லி
ஒருநாளும் கூப்பிட்டதில்லை நான்.
மூட்டை, போக்கிரி, என் சுண்டெலி.
முப்பதாவது டயப்பரில்
தோவா வேறு யாரோ ஆகிவிட்டாள்,
வாசலில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத்
தன்பாட்டுக்கு உள்ளே போகிற ஒருத்தி.

கடைசிக் கேள்வி:
உறங்கும்போது என்ன பழக்கம்?
ஒரே ஒரு வரிக்குத்தான் இடம்.
என் காதுமடலைப் பிடித்துக்கொள்வாள், எழுதினேன்.
அடித்தேன்.
காதை எந்தப் பையில் வைத்து அனுப்புவது?
அதில் பெயரை எங்கே எழுதுவது?
பிறகு அடித்ததன் மேலேயே
மறுபடி எழுதினேன்.

முதல் நாள் ஒரு மணி நேரம்தான்.
அழுதாள். கதவுக்கு இப்பாலும் கேட்டது,
தெருமுனை வரைக்கும் கேட்டது,
அதற்கப்புறம் கேட்டது
தெருவிலா என் தலைக்குள்ளா, தெரியவில்லை.

இரண்டாம் வாரம் மதிய உறக்கமும் அங்கேதான்.
அன்று நானும் டிராமில் ஏறினேன்,
சீருடைப் பொத்தான் வயிற்றில் இறுக.
ஜூஜிகாய் நிறுத்தத்தில்
கதவைத் திறந்தேன், மூட மறந்தேன்.
கடல்காற்று உள்ளே வந்து உட்கார்ந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மீன்பெட்டி வைத்திருந்தவர் மட்டும்
மெல்லத் தொண்டையைச் செருமினார்.

மாலையில் குறிப்பேடு,
குசாகா ஆசிரியையின் அரிசி எழுத்தில்.
பூசணி: முழுவதும் தின்றாள். இன்னும் கேட்டாள்.
உறக்கம்: இருபது நிமிடம்.
தன் காதையே பிடித்துக்கொண்டாள்.
கவனிக்க: இடது காலுறையில் பெயர் இல்லை.

முதல் இரண்டு வரிகளை
நின்றபடியே நாலைந்து முறை படித்தேன்.
மூன்றாவதை ஒரு முறைதான்.

பேனாவைத் தேடுகிறேன்.
சமையலறைத் தரையில் அவள்
பெயரில்லாத அந்தக் காலுறையை
வாயில் திணித்துச் சப்புகிறாள்,
நூற்றுப் பதின்மூன்றாவது உணவு.
பிடுங்க வேண்டும்.
கொஞ்ச நேரம் போகட்டும்.