பெட்டி ஒன்பது: இதர

இர்மா சகாஸ்தி தன் ஓவியங்களைப் பற்றி
எதுவும் எழுதிவைக்கவில்லை.
கேட்டவர்களுக்குப் போட்ட பதில்களின் நகல் இருக்கிறது:
"ஐயா, அது மஞ்சள்."
"அம்மணி, நீங்கள் பார்த்ததுதான்."
எல்லாவற்றுக்கும் பின்பக்கம் மளிகைக் கணக்கு.

பதினேழு பெட்டிகள்.
அண்ணன் மகன் டாக்சியில் கொண்டுவந்து இறக்கினான், இரண்டு நடை,
ரசீதுகூட வாங்காமல் போனான்.
மொந்தேவிதேயோவின் துறைமுகக் காற்றில்
காகிதம் தானாகவே நமத்துப்போகும்.
ஜூலை முழுக்கத் தாள் தாளாகப் பிரித்து உலர்த்தினேன்.

வாசிப்பறையில் மாத்தே குடிக்கக் கூடாது.
அவளோ குடித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறாள்:
கடிதத்துக்குக் கடிதம் ஒரு பச்சை வளையம்.
ஆய்வாளர் ஒருவர் அவற்றின் விட்டத்தை அளந்துகொண்டு போனார்.

ஒன்பதாம் பெட்டியை யாரும் கேட்டதில்லை.
உறைமேல் எனக்கு முன்னிருந்தவர் கையெழுத்து:
வீட்டுப் பராமரிப்பு, இதர.
உள்ளே, வீட்டுக்காரர் பொனவீத்தாவுக்கு
நாற்பத்தொரு கடிதங்கள். கூரைக் கசிவு குறித்து.

"மேல்வீட்டுக் குளியல் தொட்டிக்கு நேர் கீழே
கறை என் முழங்கை நீளம் வளர்ந்துவிட்டது.
விளிம்பு, ஆறிப்போன தேநீர்.
நடுவே ஒரு சாம்பல். அதற்குப் பெயர் இல்லை,
புறா கழுத்தைத் திருப்பும்போது வந்து போவது."

"செவ்வாய்க்கிழமை அது இடப்பக்கம் ஒரு காலை நீட்டியது.
நீங்கள் வந்து பார்க்காவிட்டாலும் போகட்டும்,
நான் சொல்வதை நம்புங்கள்."

முப்பது வருஷம் விமர்சகர்கள்
அவள் வாயைப் பிடுங்கிப் பார்த்தும் வராத சொற்கள்
வாடகைச் சீட்டுகளோடு குண்டூசியில் கிடக்கின்றன.
சிரித்துவிட்டேன். அறைக் காவலர் ஒலிவேரா
கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

முப்பத்தெட்டாம் கடிதத்தில் கறை நின்றுவிடுகிறது.

"ஐயா, பதினொரு நாளாக அது வளரவில்லை.
விளிம்பு வெளுக்கிறது.
மேலே தண்ணீர் விழும் சத்தம் இல்லை.
புரூசோனே வீட்டுப் பெண் விடியற்காலை ஐந்தரைக்குக் குளிப்பாள்,
செவிலியர் பள்ளிக்குப் போகுமுன்.
அந்தச் சத்தத்தில்தான் நான் கண்விழிப்பது."

முப்பத்தொன்பது:
"இன்றோடு இருபத்தாறு நாள்.
மாடிப்படியில் எல்லோரும் வானிலை பேசுகிறார்கள்.
உங்களிடம் அந்த வீட்டுச் சாவி உண்டு."

பொனவீத்தாவின் பதில், தட்டச்சில், 1975 ஆகஸ்ட்:
கசிவு நின்றது அறிந்து மகிழ்ச்சி.
வியாழனன்று சுண்ணாம்பு அடிக்க ஆள் வருவான்.

நாற்பது, ஒரே வரி:
"நான் கசிவைப் பற்றிக் கேட்கவில்லை."

நாற்பத்தொன்று:
"ஆளை அனுப்பாதீர்கள்."
அதன் கீழே சுண்ணாம்புக் கடை ரசீது, இரண்டு வாளி,
கூலி பெற்றுக்கொண்டதற்கு ஒரு கைநாட்டு.

வெள்ளை ஓவியங்கள் அந்த அக்டோபரில் ஆரம்பம்.
தூய்மை என்கிறது ஒரு நூல். துறவு என்கிறது இன்னொன்று.
அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் முன் நின்று
"ஒன்றுமே இல்லை" என்று கத்துவார்கள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டப் போனேன்,
காவலாளி தொண்டையைச் செருமும்வரை.
வெள்ளைக்கு அடியில், இடப்பக்கமாக,
ஏதோ தேநீர் நிறம் தெரிந்த மாதிரி இருந்தது.
ஜன்னல் வெளிச்சமாகவும் இருக்கலாம்.

பட்டியலைத் திருத்த ஒரு படிவம் உண்டு.
பொருள் என்ற கட்டம் இரண்டு அங்குலம்.
பராமரிப்பு என்பதை அடித்தேன்.
புரூசோனே, மேல்வீடு, செவிலி மாணவி.
முதல் பெயர் நாற்பத்தொன்றில் எதிலும் இல்லை.
அதற்கு இடம் விட்டு, அழுத்தி எழுதினேன்.
இங்கே பென்சிலுக்குத்தான் அனுமதி.