செயப்படுபொருள் குன்றிய வினை

கம்ப்ரியாவில், ஸ்கார்த்வைட் மேட்டுக்கு ஏறும் வழியில்
கம்பிக் கதவில் ஒரு தகரப் பலகை:
ஆடுகளை 'வொர்ரி' செய்யும் நாய் சுடப்படும்.

டெரிக் பிளெவின் சிரித்தான்.
லெஸ்டரில் காப்பீட்டு அலுவலகம், ஈஸ்டருக்கு நாலு நாள் லீவு,
கையில் வார், வாரின் நுனியில் பிஸ்கட்.
"ஆட்டுக்கு என்னடா கவலை வரும்?
வீட்டுக் கடனா, பல்வலியா?"
நாய் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தச் சொல்லின் பழைய பொருள்
இருவரில் நாய்க்குத்தான் தெரியும்.

சற்று மேலே பாதை இரண்டாகப் பிரிகிறது.
பழந்தமிழில் அப்படிப்பட்ட இடத்துக்கே
கவலை என்று பெயர்.
அவனுக்கு அது தெரிய வழியில்லை.
அங்கே நின்றுதான் வாரை அவிழ்த்தான்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பு அந்தத் தீவில்
அந்த வினைக்கு இரண்டு கைகள் மட்டும் இருந்தன.
கழுத்தை நெரி. மூச்சு நிற்கும்வரை நெரி.
மனம் என்று ஒன்று இருப்பதாக
அது கேள்விப்பட்டதே இல்லை.
பிறகு கைகளை உதறிவிட்டு ஓநாய்க்குப் பல்லானது.
குரல்வளையைக் கவ்வு, உலுக்கு.
ஓநாய்கள் தீர்ந்துபோயின, சொல் தீரவில்லை.
நாய்களிடம் வேலைக்குச் சேர்ந்தது,
அப்புறம் கடன் கொடுத்தவனிடம்,
வாசலில் வந்து நின்று
ஆளைப் பிடுங்கித் தின்பவர்கள் எல்லாரிடமும்.
பிடுங்கல், நச்சரிப்பு என்று
நாம் சொல்வதிலும் ஒரு வாய் ஒளிந்திருக்கிறது.
ஜெர்மனியில் வாக்கப்பட்ட அதன் தங்கை மட்டும்
இன்றுவரை கழுத்தை விடவில்லை.

ஆனி ஸ்டெய்ன்டன் துப்பாக்கியோடு வரவில்லை.
ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு,
கோட்டுப் பையில் ஒரு குட்டை நோட்டு.
சுவரோரம் கிடந்தவற்றைப் புரட்டிப் பார்த்தாள்.
முதுகில் அவள் போட்ட சிவப்பு அடையாளம் எது,
மற்ற சிவப்பு எது என்று
தூரத்தில் நின்றவனுக்குப் பிரியவில்லை.

"ரெண்டு மணி நேரமா இவனைத் தேடறேன்," என்றான்
மூச்சு வாங்க, "ஒரே வொர்ரி எனக்கு."

"நாலு," என்றாள் ஆனி, நோட்டைப் பார்த்தபடி.
"நாலு வொர்ரி. அஞ்சாவது பிழைக்கலாம்."

ஒரே சொல். இரண்டு பேருக்கும் தாய்மொழி.
நடுவில் பிஸ்கட்,
வாயோரம் கம்பளி இழை, வால் ஆடிக்கொண்டிருந்தது.

செக் எழுதிக் கொடுத்தான்.
வயிற்றில் இருந்த குட்டிகளுக்கும் சேர்த்து எழுது என்றாள்.
எழுதினான். கை நடுங்கியதால்
சைபர் ஒன்று நசுங்கிப்போனது.

அன்றிரவு விடுதி அறை.
கட்டிலுக்கு அடியில் நாய் தூக்கத்தில் ஓடுகிறது,
நான்கு பாதமும் தரை விரிப்பைப் பிறாண்டுகின்றன.
டெரிக் கூரையைப் பார்த்துக் கிடக்கிறான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான், வெகு தாமதமாக,
அந்த வினை தன் செயப்படுபொருளைத் தொலைத்தது.
யாரை என்று கேட்டால்
பதில் இல்லாமல் நிற்கக் கற்றுக்கொண்டது.
இலக்கணக்காரர்களுக்கு அது சிறிய விஷயம்.
பல் மட்டும் இருக்கிறது, ஆட்டைக் காணோம்.
ஆகவே கவ்வுகிறவனே
கழுத்தையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றே காலுக்கு எழுந்து தண்ணீர் குடித்தான்.
தொண்டையில் இறங்க மறுத்தது.
தடவிப் பார்த்தான், ஒன்றும் இல்லை.

மேலே, ஆனியின் கொட்டகையில் விளக்கு அணையவில்லை.
ஐந்தாவது ஆட்டுக்குக் கழுத்தில் பதினொரு தையல்.
வைக்கோலை மெல்லும், நிறுத்தும்,
கதவைப் பார்க்கும்,
மறுபடி மெல்லும்.
பலகையில் எழுதியிருப்பது
அவளுக்கு எப்போதும் ஒரே பொருள்தான்.
ஆனாலும் விடியும்வரை
அதன் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு
உட்கார்ந்திருந்தாள்.
ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாளோ,
எந்த நூற்றாண்டின் சொல்லை எடுப்பாளோ.