சுழலாதது

யாகுட்ஸ்க்கிலிருந்து வடக்கே இரண்டு நாள் லாரிப் பயணம்.
உறைமண்ணில் துளையிட்டு வெப்பம் அளப்பது எங்கள் வேலை.
பழைய மடிக்கணினியைக்
கோட்டுக்குள் அணைத்துக்கொண்டுதான் தூங்குவாள் துயாரா.
விடிந்ததும் நான் காது வைத்துக் கேட்பேன்:
ஹார்ட் டிஸ்க் சுழல்கிறதா, இல்லை
டிக், டிக் என்று
தன் இடத்தையே தேடித் தடுமாறுகிறதா.
ஒருமுறை பதினொரு நிமிடம்.
அதற்குள் தேநீரில் பனி படர்ந்தது,
எர்ச்சிம் தன் விவாகரத்துக் கதையை
ஜீவனாம்சம் வரை சொல்லி முடித்தான்.

இந்த மார்ச்சில் எஸ்எஸ்டி போட்டோம்.
என் சம்பளத்தில் பாதி.
கையில் வைத்தால் ஒரு பிஸ்கட் கனம்;
உள்ளே சுழல ஒன்றுமில்லை,
இறுகிப்போக எண்ணெயும் இல்லை.
பொத்தானை அழுத்தினேன்.
மறு கையுறையைக் கழற்றுவதற்குள்
திரை கடவுச்சொல் கேட்டது.
எர்ச்சிம் வாயைத் திறந்தான்,
மூடிக்கொண்டான்.

நான்கு மீட்டர் ஆழத்தில்
மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு.
போன வருடத்தைவிடச் சூடு.
இதைத் தெரிந்துகொள்ளவா இவ்வளவு அவசரம்
என்றாள் துயாரா, யாரிடமும் இல்லாமல்.

இரவு மறுபடியும் அதைக்
கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.
இனி தேவையில்லையே என்றேன்.
பேட்டரிக்குக் குளிருமே என்றாள்.