கடைசி இலக்கம்

தார்த்து நகரில் இரவு ஒன்பது. மைனஸ் இருபத்திரண்டு.
நூலகத்தில் பதினொன்று, பல் மருத்துவமனையில் மூன்று,
ரயிலடிக்குப் பின்னாலுள்ள பள்ளியில் இருபது:
ஆளில்லாக் கணினிகளை எண்ணுகிறாள் ஹெல்வி.

இரண்டு சன், ஒரு மேக், மிச்சமெல்லாம்
யார் யாரோ பூட்டிய விண்டோஸ் பெட்டிகள்.
ஒன்றின் பேச்சு ஒன்றுக்குப் புரியாது.
அவள் எழுதிய நிரலோ
போன வீட்டில் போட்டதைத் தின்னும்.

"ஃபோர்ட்ரானில் என் ஒற்றை இயந்திரம்
மூன்று மடங்கு வேகம்" என்று சிரிக்கிறான் ராய்வோ.
வேகம்தான்.
அந்த ஒற்றை இயந்திரத்துக்கு
வியாழன் வரை வரிசை.

கடல் உறைந்திருக்கிறது.
கீஹ்னு தீவுக்குப் பனிமேல் பாதை திறந்தால்
எத்தனை டன் தாங்கும், எத்தனை நாள்?
கடலைச் சதுரம் சதுரமாய் நறுக்கி
பெட்டிக்கு ஒரு துண்டு அனுப்புகிறாள்.
ஒவ்வொரு துண்டும் தன் ஓரத்தைப்
பக்கத்துத் துண்டுக்குச் சொல்லியாக வேண்டும்;
சொல்லத்தான் நேரம் போகிறது,
கணக்குப் போட அல்ல.
நடுவே ஏதோ ஒரு பெட்டி
தன் குப்பையைத் தானே அள்ள நின்றுவிடும்.
அதுவரை
கடல் மொத்தமும் காத்திருக்கும்.

பத்தேகாலுக்குப் பள்ளியில் ஒன்று செத்தது.
துப்புரவாளர் லைனே, தூசு உறிஞ்சிக்கு
பிளக் தேடியிருக்கிறார்.
பதினேழாம் துண்டு வீடு மாறிப்
பல் மருத்துவமனைக்குப் போனது.

அங்கே வந்தது வினை.
பன்னிரண்டாம் தசமத்தில் ஓர் இலக்கம் பிசகு.
அந்தச் சில்லு
கேட்டதைவிட மூன்று இடம் கூடுதலாய்
மனதுக்குள் வைத்துக்கொண்டு, பிறகு வெட்டுகிறது.
பொய் இல்லை. கொஞ்சம் அதிக உண்மை.
ஐந்தாம் நாள் பனியில் அந்த ஓர் இலக்கம்
விரிசலை முந்நூறு மீட்டர் தள்ளி வைத்தது.

"எது சரி?" ராய்வோ இப்போது சிரிக்கவில்லை.

எல்லோரும் ஒரே இடத்தில் வெட்டுங்கள் என்று
நிரலில் ஒரு சொல் சேர்த்தாள்.
வேகம் பாதியானது. விடியும்போது
முப்பத்துநான்கு பெட்டியும் ஒரே விடை சொன்னது.
ஒரே விடை.
சரியான விடை என்று யார் சொன்னது?

ஃபேக்ஸில் போன வரைபடத்தில்
இரண்டு விரிசலையும் வரைந்தாள்.
இடையில் இருந்த முந்நூறு மீட்டரைப்
பென்சிலால் கறுப்பாக்கினாள்.

எட்டு மணிக்குப் பல் மருத்துவமனையில்
முதல் ஆளாய் வந்தவர், கன்னம் வீங்கியவர்,
இன்னும் சுடும் அந்தப் பெட்டியின் மேல்
தன் கையுறைகளை
உலரப் போட்டார்.