தமிழுக்கு இரண்டு

தமிழுக்கு இரண்டை அழுத்தியவர்களெல்லாம்
என் காதுக்குள் வருகிறார்கள்.
யூனியன் பிளேஸ், ஆறாம் மாடி,
ஏசிக் குளிருக்கு ஒரு கறுப்பு ஸ்வெட்டர்.
ஒரு கோலுக்கு நான்கு நிமிடம்.
தாண்டினால் திரையின் ஓரம் சிவக்கும்.

புது வேகம் வந்த மாதத்திலிருந்து
எல்லோரும் பற்றரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்,
வேகத்தைப் பற்றி ஒருவரும் இல்லை.
வெள்ளவத்தையிலிருந்து ஒரு ரீச்சர்
"மத்தியானம் வரைக்கும் தாங்குதில்ல" என்கிறார்,
காய்ச்சல்காரப் பிள்ளையைச் சொல்வதுபோல.
மட்டக்குளியிலிருந்து ஒருவர்
போன் விற்ற கடைக்காரனை
என்னிடம் ஏசி முடித்து
நன்றி சொல்லி வைத்தார்.

புதன்கிழமை, இரண்டு இருபதுக்கு,
கஸ்பார் ராயப்பன்.
கெய்சர் வீதியில் துணிக்கடைக் கட்டடமொன்றில்
லிஃப்ட் ஓட்டுகிறவர்.
"மிஸ், காலையில நூறு.
பத்து மணிக்கு அறுபது.
இப்ப ஏழு.
நான் ஒண்ணுமே செய்யல்ல,
சட்டைப் பையில வச்சிருக்கேன், அவ்வளவுதான்.
மத்தியானமானா நெஞ்சு சுடுது."

எழுதித் தந்ததை வாசித்தேன்:
திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்,
தேவையற்ற செயலிகளை மூடுங்கள்.
"வெளிச்சமா? நான் அதைப் பார்க்கிறதே இல்ல.
பையில சும்மாதான கிடக்கு?"

சும்மா கிடக்கவில்லை ஐயா, தேடுகிறது.

"எதை?"

இன்னும் வேகமான ஒன்றை.

"நான் தேடச் சொல்லலியே."

அதற்குத் தாளில் பதில் இல்லை.
அந்தப் பக்கம் மணி அடித்தது,
"ஹதர, அய்யே" என்றது ஒரு பெண் குரல்.
"பொட்டக் இன்ன" என்று அவளை நிறுத்திவைத்தார்.

அப்போதுதான் எனக்குப் படம் விழுந்தது.
இரும்புப் பெட்டி.
ஏழாம் மாடியில் கதவு திறக்கையில்
ஐந்து என்று ஒரு துளி எட்டிப் பார்க்கும்.
மூடினால் நான்கு.
நிலத்தடியில், துணிப் பொதிகளுக்கிடையில், ஒன்றுமேயில்லை.
மறுபடி மேலே, மறுபடி ஐந்து.
ஒரு நாளைக்கு இருநூறு தரம்
அந்தப் போன் தொண்டை கிழியக் கத்துகிறது
நான் இங்கே இருக்கிறேன் என்று,
எங்கோ கூரைமேல் மழையில் நிற்கும் டவருக்கு.
சாரிப் பைகளோடு ஏறியிறங்கும்
ஒருவருக்கும் கேட்பதில்லை.
ராயப்பனுக்கு மட்டும் சுடுகிறது.

நான்கு நிமிடம் பத்து. ஓரம் சிவந்தது.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
"ஐயா, அந்த வேகம் உங்களுக்கு வேணாம்.
நாலிலேயே நிப்பாட்டி வைப்போம்.
செட்டிங்ஸுக்குப் போங்க."
"போயிட்டேன். மூணு பர்சன்ட் காட்டுது மிஸ்,
கெதியா சொல்லுங்க."
"மொபைல் நெட்வேர்க்."
"இருக்கு."
"அதுக்குள்ள, விரும்பும் வகை எண்டு"

அவ்வளவுதான். அணைந்துபோனார்.

வாடிக்கையாளர் துண்டித்தார்
என்று கணினி பதிந்துகொண்டது.
நாங்கள் திரும்ப எடுப்பதில்லை, அது விதி.
ஷெஹானின் மேசைக்கு மேலே
பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்ட இலக்கத்தை
தேநீர் வேளையில், படிக்கட்டில் நின்று,
என் சொந்தப் போனில் அழுத்தினேன்.
தற்போது இயங்கவில்லை என்று
மூன்று மொழியில் சொன்னது,
தமிழில் இரண்டாவதாக.

வீடு திரும்பும் நூறாம் நம்பர் பஸ்ஸில்
எனக்குப் பதினொரு பர்சன்ட்.
கொள்ளுப்பிட்டியில் ஐந்து,
பம்பலப்பிட்டியில் நான்கு,
கடல் தெரிகிற சந்துகளில்
இரண்டுக்கும் நடுவே ஒரு தவிப்பு.
ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அந்த மூன்று படியை
என் போனில் நான் செய்யவில்லை.
ஊழியர்களுக்கு ஐந்து இலவசம்.
விட மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தடுப்பில்
ருஷ்தா யாரிடமோ கேட்டாள்,
"லிஃப்ட்டா? எந்த லிஃப்ட்?"
ஒரு காதை மட்டும் திறந்தேன்.
அவள் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.
ஒரு துண்டுத் தாளில்
மூன்றாம் படியிலிருந்து தொடங்கு
என்று எழுதித் தள்ளினேன்.
தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
தன் திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.
"சரி ஐயா" என்றாள்,
"முதல்ல சொல்லுங்க,
இப்ப எத்தனை பர்சன்ட்?"