அந்தரம்

படிவத்தில் கேட்டிருந்தது:
பதகளிப்பு. ஆம் / இல்லை.
பேனையைத் தூக்கினபடி இருந்தேன்.

"எனக்கு அந்தரமாக் கிடக்கு, டொக்டர்."
"அந்தரமெண்டால்?"
அவர் வேற ஊர்.

இரவு ஒன்றரைக்கு
கொக்குவில் ஒழுங்கைக்குள்
ஒரு மோட்டார்சைக்கிள் வேகம் குறைக்கும்.
நாய் குரைக்காது.
அதுதான்.
படலைக் கொழுக்கியை மனசுக்குள்
ரெண்டுதரம் போட்டுப் பார்ப்பேன்.
ஆரோ வேலை முடிஞ்சு போறவன்,
போயிடுவான்.
போன பிறகும் என் வாசலில்
எஞ்சின் நிற்காது.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"வானத்திலும் இல்லை, நிலத்திலும் இல்லை,
கயிறுமில்லாமல் தொங்குறது" என்றேன்.

அவர் 'ஆம்' என்பதில்
சின்னதாய் ஒரு சரி போட்டார்.

துண்டை மடித்துத் தந்த
நேர்ஸ் சாருலோஜினி சொன்னா:
"அடுத்த கிளினிக் மூன்றாம் திகதி.
அந்தரப்படாமல்
ஆறுதலா வாங்கோ அக்கா."